கூப்பர் பிளாக் எழுத்துரு: வடிவமும் பயன்பாடும்

கூப்பர் பிளாக், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1922-ஆம் ஆண்டு வெளிவந்த தடித்த ரோமன் எழுத்துரு. வரைந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் (1879–1940). ஈயத்தில் வார்த்து விற்றது பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்னும் எழுத்து வார்ப்பகம். தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் உரிய பெரிய எழுத்து இது; நூலின் உடற்பகுதிக்கு உரியதன்று. பருத்த உடலும் மழுங்கிய முனைகளும் இதன் அடையாளம். பெயர் தெரியாதவர்களும் எங்கேனும் இதைப் பார்த்திருப்பார்கள். ஈசிஜெட் நிறுவனத்தின் விமானங்களில் எழுதியிருப்பது இந்த எழுத்து. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) இசைத்தட்டு உறையில் இருப்பதும் இதுவே. பி.பி.சி. தொலைக்காட்சியில் 1968 முதல் 1977 வரை வந்த 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் தலைப்பும் இதில்தான் அமைந்தது.

இந்த எழுத்துருவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுபவை இரண்டு. இது எழுபதுகளின் எழுத்து என்பது ஒன்று. இது விளையாட்டான, கனமில்லாத எழுத்து என்பது இன்னொன்று. முதலாவது காலக்கணக்கில் அரை நூற்றாண்டு தவறுகிறது. இரண்டாவது, எழுத்தின் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அச்சகத்தில் அது என்ன வேலை செய்தது என்பதைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

ஆசிரியரும் மாணவரும்

கூப்பர் ஒஹையோ மாநிலத்தின் மவுண்ட் கிலியட் ஊரில் பிறந்து, கான்சஸ் மாநிலத்தின் காஃபிவில் ஊரில் வளர்ந்தார். ஓவியராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சிகாகோவில் ஃபிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம் கைவரவில்லை. அங்கே எழுத்து வரைதல் கற்பித்தவர் ஃபிரெடரிக் கௌடி. பிற்காலத்தில் அமெரிக்க எழுத்துரு வடிவமைப்பின் பெரும்பெயராக விளங்கிய அதே கௌடி. அவரிடம் பயின்றபோதுதான் தன் கைக்கு ஏற்ற வேலை எது என்பது கூப்பருக்குத் தெரிந்தது. பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் அடிசன் டுவிகின்சும் அந்தப் பள்ளியில் பயின்றவரே. ஒரு சிறு பள்ளி, ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள். அமெரிக்க அச்சுக்கலையின் அரை நூற்றாண்டு வரலாற்றில் இம்மூவரையும் தவிர்க்க முடியாது.

1904-இல் ஃபிரெட் பெர்ச் என்பவருடன் சேர்ந்து 'பெர்ச் அண்ட் கூப்பர்' நிறுவனத்தை அவர் தொடங்கினார். விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்து கொடுப்பது தொழில். பக்கார்ட் மோட்டார் வண்டி விளம்பரங்களுக்கு அவர் கையால் வரைந்த எழுத்துகள் பலரையும் கவர்ந்தன. அவற்றை அடியொற்றி 'பக்கார்ட்' என்ற பெயரிலேயே பார்ன்ஹார்ட் வார்ப்பகம் ஓர் எழுத்துருவை வெளியிட்டது. பிறகு அந்த வார்ப்பகத்தின் விளம்பரப் பொறுப்பாளர் ரிச்சர்ட் மெக்ஆர்தர் வற்புறுத்தியதால், கூப்பர் தம் பெயரிலேயே ஓர் எழுத்துருக் குடும்பத்தை வரையத் தொடங்கினார். முதலில் வந்தது மெலிந்த உடலுடைய கூப்பர் ஓல்ட்ஸ்டைல். அதன் முனைகளும் மழுங்கியவைதாம். அந்த மெலிந்த எழுத்துக்குச் சதை போட்டதுபோல அடுத்து வந்தது கூப்பர் பிளாக்.

விற்பனை பெருகியது. பெருகியதும் போட்டி நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹன்டர் மிடில்டன் 'லட்லோ பிளாக்' வரைந்தார். லேன்ஸ்டன் மோனோடைப் நிறுவனமும் இதைப் போன்ற ஒன்றைக் கேட்டது. 1925-இல் 'கௌடி ஹெவிஃபேஸ்' என்ற பெயரில் அதை வரைந்து கொடுத்தவர், கூப்பரின் ஆசிரியர் கௌடியே. மாணவனின் வெற்றிக்கு எதிராகச் சந்தையில் நிற்க ஆசிரியரை அழைத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு வேறுபாடு விளங்கும். கௌடியின் எழுத்தில் தேர்ந்த கையின் நயம் இருக்கிறது. ஆனால் தடிப்பு அதன்மேல் ஏற்றி வைத்த சுமையாகத் தெரிகிறது. கூப்பரின் எழுத்து பிறவியிலேயே பருத்தது. அதற்குத் தன் எடை தெரிவதில்லை.

மழுங்கிய முனையின் பயன்

ரோமன் எழுத்துகளின் கால்நுனியிலும் தலைநுனியிலும் வரும் சிறு குறுக்குக்கோட்டை அச்சுத்துறையினர் செரிஃப் என்பர். பழைய எழுத்துருக்களில் அது கூர்மையாகவோ நேராகத் தறித்தாற்போலவோ இருக்கும். கூப்பர் பிளாக்கில் அது நீரில் ஊறிய அரிசிபோலத் திரண்டு உருண்டிருக்கிறது. எழுத்தின் பாதமும் தட்டையாக இல்லை. கீழ்நோக்கிச் சற்றே வளைந்திருக்கிறது.

இதனால் விளையும் நன்மை அழகு சார்ந்தது மட்டும் அன்று. அச்சில் எல்லா எழுத்தும் ஓர் அடிக்கோட்டின்மேல் நிற்க வேண்டும். தட்டையான பாதமுடைய எழுத்துகளில் ஒன்று இம்மியளவு இறங்கினாலும் கண் உடனே பிடித்துவிடும். வட்டமான எழுத்துகள் அந்தக் கோட்டைச் சிறிது தாண்டினால்தான் மற்றவற்றோடு சமமாகத் தோன்றும் என்பது எழுத்து வரைவோர் எல்லோருக்கும் தெரிந்த கண்மாயம். கூப்பர் பிளாக்கில் ஏறக்குறைய எல்லா எழுத்தும் வட்டப் பாதம் உடையது. நேர்க்கோட்டுக்குச் சாட்சி சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆகவே தேய்ந்த ஈய எழுத்தோ அவசரக் கோப்போ சிறு கோணலை உண்டாக்கினாலும் அது தவறாகத் தோன்றுவதில்லை. எழுத்தின் இயல்பாகவே தோன்றுகிறது.

மலிவான தாளில் மை பரவும். மெல்லிய கோடுகள் உடையும், கூரிய மூலைகள் அடைபடும். கூப்பர் பிளாக்கில் உடைவதற்கு மெல்லிய கோடு இல்லை. அடைபடக் கூரிய மூலை இல்லை. மை ஏற்கெனவே பரவி முடிந்த நிலையிலேயே எழுத்தை வரைந்து கொடுத்துவிட்டார் கூப்பர். செய்தித்தாள் விளம்பரங்களுக்கு இதைவிட ஏற்ற எழுத்தை அன்று தேடுவது கடினம். தொலைநோக்கு உடைய அச்சகத்தாரையும் கிட்டப்பார்வை உடைய அவர்களின் வாடிக்கையாளரையும் இணைத்து இந்த எழுத்துருவைப் பற்றி ஒரு வேடிக்கை வாசகம் அக்காலத்தில் வழங்கியது. வேடிக்கைக்குள் உண்மை இருக்கிறது. தூரத்திலிருந்து, நொடிப்பொழுதில், மங்கிய அச்சில் படிக்க வேண்டியவருக்காகச் செய்யப்பட்ட எழுத்து இது.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ஆங்கில 'ஓ' எழுத்தின் வெளிவடிவம் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைத் துளை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பட்டைப் பேனாவால் எழுதும்போது வரும் சாய்வு அது. 'ஐ' எழுத்தின் மேற்புள்ளிகூட முழுவட்டம் அன்று, சாய்ந்த முட்டை வடிவம். இந்தச் சிறு சாய்வுகள் இல்லையென்றால் இத்தனை தடித்த எழுத்துகளின் வரிசை கூழாங்கற்களைக் கொட்டியதுபோல் அசைவற்றுக் கிடக்கும். சாய்வுதான் அதற்கு நடையைத் தருகிறது. பிற்காலத்தில் இதைப் பார்த்து வரைந்த பல போலிகள் உருட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு சாய்வை விட்டுவிட்டன. அவை பலூன் எழுத்துகளாக முடிந்ததற்குக் காரணம் இதுவே.

குறையும் இந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. தடிப்பு கூடக்கூட உள்துளை சிறுக்கும். சிறிய அளவில் அச்சிட்டால் 'இ', 'ஏ' போன்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் துளைகள் அடைந்து கரும்புள்ளிகளாகிவிடும். பத்து வரிக்கு மேல் இதில் படிக்க நேர்ந்தால் கண் களைத்துவிடும். பழமையை மதித்த அச்சுக்கலைஞர்கள் அன்றே இதை வெறுத்தார்கள். பக்கத்தைக் கறுப்பாக்கி, மென்மையான எழுத்துகளின் மதிப்பைக் கெடுக்கிறது என்பது அவர்கள் குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. எல்லோரும் உரக்கப் பேசும் சந்தையில் இன்னும் உரக்கப் பேசுகிறவன் வெல்வான். ஆனால் சந்தையின் இரைச்சலும் அதனால் கூடும்.

இரண்டாம் வாழ்வு

பார்ன்ஹார்ட் வார்ப்பகம் 1911-லேயே அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் 1933 வரை தன் பெயரிலேயே இயங்கியது. அந்த ஆண்டு மூடப்பட்டது. 1940-இல் கூப்பர் இறந்தார். சிகாகோ நண்பர்கள் 1949-இல் அவரைப் பற்றிய ஒரு நினைவு நூலை வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கோணலற்ற, செரிஃப் இல்லாத, கண்டிப்பான சுவிட்சர்லாந்துப் பாணி எழுத்துகளே புதுமை எனப்பட்டன. கூப்பர் பிளாக் பழைய கடைப் பலகை எழுத்தாகிவிட்டது.

அதை மீட்டவை இரண்டு தொழில்நுட்பங்கள். ஒளியச்சுக் கோப்பு ஒன்று. தாளில் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்கள் மற்றொன்று. ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் நிற்பது. இரண்டு எழுத்துகளை அந்தக் கட்டையின் விளிம்பைத் தாண்டி நெருக்க முடியாது. படச்சுருளில் கட்டை இல்லை. எழுத்துகளை ஒன்றோடொன்று உரசும்படி, ஒன்றின் வளைவுக்குள் மற்றொன்று புகும்படி வைக்கலாம். கூப்பர் பிளாக் இந்த நெருக்கத்துக்காகவே காத்திருந்ததுபோல் பொருந்தியது. 'பெட் சவுண்ட்ஸ்' உறையின் பச்சைப் பட்டையில் குழுவின் பெயரும் பாடல்களின் பெயர்களும் இப்படித்தான் நெருங்கி நிற்கின்றன. கீழே இளைஞர்கள் ஆடுகளுக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு எழுத்தில் அமைந்திருந்தால் அந்தப் படம் அசட்டுத்தனமாகத் தோன்றியிருக்கும். இந்த எழுத்து அதை வெள்ளந்தித்தனம் ஆக்கிவிடுகிறது.

'டாட்ஸ் ஆர்மி' தொடரில் நடந்தது வேறு. போரின்போது படையில் சேர முடியாத வயதான ஆண்கள் ஊர்க்காவலுக்கு நிற்பது அதன் கதை. படையைக் குறிக்கக் கூரிய, விறைப்பான எழுத்து வேண்டும் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். வயிறு தள்ளிய, காலூன்றி விறைக்கத் தெரியாத கூப்பர் பிளாக்கைத் தேர்ந்ததும் பாத்திரங்களின் முழு இயல்பும் தலைப்பிலேயே வந்துவிட்டது. எழுத்துருத் தேர்வு விமரிசனமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

நியூயார்க் தெருக்களில் அது பெற்ற வாழ்வு இவற்றைவிட முக்கியமானது. எழுபதுகளில் சூட்டால் ஒட்டும் துணி எழுத்துகள் கடைகளில் விற்கப்பட்டன. இளைஞர்கள் தம் பெயரையும் நடனக்குழுவின் பெயரையும் பனியனில் பதித்துக்கொண்டார்கள். ஹிப்-ஹாப் வளர்ந்த தெருக்களில் கூப்பர் பிளாக் பெயர்ப்பலகைபோல மார்பில் ஏறியது. துணி மடியும், நீளும், துவைத்தால் சுருங்கும். மெல்லிய கோடுடைய எழுத்து அதில் தங்காது. மலிவுத்தாளுக்காகச் செய்த எழுத்து துணிக்கும் தாக்குப்பிடித்தது. அங்கே அதன் பொருளும் மாறிவிட்டது. வணிகன் வாடிக்கையாளனைக் கூவி அழைக்கப் பயன்பட்ட எழுத்தில், நகரம் கண்டுகொள்ளாத பிள்ளைகள் தம் பெயரைத் தாமே பெரிதாக எழுதிக்கொண்டார்கள். ஏக்கத்துக்குரிய பழைய அழகு என்று மட்டும் இந்த எழுத்தைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

நட்பு முகம்

1995-இல் ஈசிஜெட் தொடங்கப்பட்டபோது விமான நிறுவனங்களின் எழுத்துகள் பெரும்பாலும் நேர்த்தியும் மிடுக்கும் காட்டின. மலிவுக் கட்டண நிறுவனம் அவர்களைப் போல் மிடுக்குக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். 'எங்களிடம் பகட்டு இல்லை, கட்டணமும் இல்லை' என்று சொல்லும் தோற்றம் வேண்டியிருந்தது. ஆரஞ்சு நிறமும் கூப்பர் பிளாக்கும் அதைச் சொல்லிவிட்டன. கட்டணம் இல்லை என்பது மிகை. எழுத்து அப்படி ஒரு நினைப்பை உண்டாக்குகிறது என்பதே செய்தி.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. உருண்டை எழுத்து நட்பைக் காட்டுகிறது என்றால், நட்பு இல்லாத இடத்திலும் அதைக் காட்டலாம். அமெரிக்காவில் சோபானி தயிர் நிறுவனம் 2017-இல் தடித்த, மழுங்கிய எழுத்துக்கு மாறியது. 2021-இல் பர்கர் கிங் தன் தோற்றத்தை மாற்றியபோது அதற்கெனச் செய்த எழுத்தும் உருண்டு திரண்டதே. இவை கூப்பர் பிளாக் அல்ல. அதன் உறவுமுறை எழுத்துகள். பன்னாட்டு வணிகம் பாட்டி கடைபோலத் தோன்ற விரும்புகிறது. வாங்குபவரின் சிறுவயது நினைவை எழுத்தின் வளைவு தொட்டுவிடுகிறது. பொருள் எங்கே, எப்படி, யாரால் செய்யப்பட்டது என்னும் கேள்வி அந்த இதத்தில் பின்னுக்குப் போகிறது. எழுத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பக்கத்தைப் பார்க்கும் மாணவர், எழுத்து என்ன சொல்கிறது, வாசகம் என்ன சொல்கிறது என்று இரண்டையும் தனித்தனியே கேட்கப் பழக வேண்டும். கூப்பர் பிளாக் இந்தப் பயிற்சிக்கு மிக ஏற்றது. ஏனெனில் அதன் குரல் அவ்வளவு வெளிப்படையானது.

வரைந்தவருக்கு இந்தப் பரவலால் என்ன கிடைத்தது என்பதும் கேட்கத்தக்கது. அமெரிக்கச் சட்டம் எழுத்துருவின் வடிவத்துக்குப் பதிப்புரிமை தருவதில்லை. லினோடைப் நிறுவனத்தின் உரிமையாளரான எல்ட்ரா தொடுத்த வழக்கில் 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. எழுத்துருவின் பெயரை வணிகக்குறியாகக் காக்கலாம். கணினியில் இயங்கும் மென்பொருளாக அதைக் காக்கலாம். வளைவை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே முகத்துக்கு இத்தனை பெயர்கள். கவிதைக்கும் ஓவியத்துக்கும் உள்ள காப்பு, பல ஆயிரம் பேர் நாள்தோறும் படிக்கும் எழுத்தின் வடிவத்துக்கு இல்லாமற்போனது நியாயமா என்னும் வாதம் இன்னும் முடியவில்லை.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளோடு கூப்பர் பிளாக் வந்ததால் அது உலகெங்கும் மேசைக் கணினிகளை அடைந்தது. பிறந்தநாள் அழைப்பு, பள்ளி விழாத் தட்டி, கடை விலைப்பட்டியல் எங்கும் அது ஏறியது. அங்கே அடிக்கடி நேரும் பிழை, சொல் முழுவதையும் ஆங்கிலப் பேரெழுத்தில் அமைப்பது. இந்த எழுத்துருவின் உயிர் சிற்றெழுத்தில் இருக்கிறது. பேரெழுத்துகள் வரிசையாக நின்றால் மூட்டைகள் அடுக்கியதுபோல் ஆகும். எழுத்துகளுக்கிடையே வெளியைக் கூட்டுவதும் பொருந்தாது. நெருக்கமே இதன் பலம். இரங்கல் அறிவிப்பு, மருத்துவ எச்சரிக்கை ஆகியவற்றில் இதை வைப்பவர் வாசகத்தைத் தாமே கேலி செய்தவராவார்.

இந்தப் பாணியைக் கட்டணமின்றிக் கற்க விரும்புவோர்க்குத் திறந்த உரிமத்தில் கிடைக்கும் ஃபிரான்சஸ் என்னும் எழுத்துரு நல்ல பாடநூல். கூப்பர், வின்ட்சர், சூவனீர் ஆகிய பழைய எழுத்துருக்களை மனத்தில் வைத்து அன்டர்கேஸ் டைப் குழு செய்தது அது. முனைகள் எவ்வளவு மழுங்க வேண்டும் என்பதைப் பயனர் ஓர் அளவுகோலை நகர்த்தியே முடிவுசெய்யலாம். கூர்முனையிலிருந்து மெல்ல மழுங்கலுக்கு நகர்த்திப் பார்த்தால், ஒரே சொல் அதட்டலிலிருந்து அழைப்பாக மாறுவதைக் கண்முன்னே காணலாம்.

கூப்பர் பிளாக்கில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ்த் தட்டியில் அதைத் தேர்ந்தால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் உருண்டு நிற்கும். தமிழ்ச் சொற்களைக் கணினி வேறொரு மெலிந்த எழுத்துருவில் காட்டும். பெரியவர் பக்கத்தில் நோஞ்சான் பிள்ளை நிற்பதுபோல் அமையும் இத்தகைய தட்டிகள் எளிதில் நேர்ந்துவிடுகின்றன. தமிழுக்கு உருண்டை எழுத்து வேண்டுவோர்க்கு மும்பையின் ஏக் டைப் குழு வெளியிட்ட பலூ தம்பி உண்டு. அதுவும் திறந்த உரிமம் உடையது. அது கூப்பரின் வழிவந்ததன்று. ஆயினும் கூப்பருக்கு நேர்ந்த அதே சிக்கல் அங்கே இன்னும் கடுமையாக இருக்கிறது. ரோமன் எழுத்தில் ஒன்றிரண்டு துளைகளே உண்டு. தமிழின் 'ண', 'ணை', 'ஞ' ஆகியவற்றில் சுழிக்குள் சுழி. கோட்டைத் தடிக்க வைத்தால் சுழி அடையும்; சுழியைத் திறந்தால் எழுத்து அகன்று வரியை இடிக்கும். 'ட', 'ப' ஆகியவற்றில் நேர்க்கோடும் செங்கோண மூலையும் உண்டு. அவற்றை எந்த அளவு மழுக்கினால் எழுத்தின் அடையாளம் கெடாமல் இருக்கும் என்பதை ஒவ்வோர் எழுத்துக்கும் தனியே முடிவு செய்தாக வேண்டும்.